நிக்கோடிமஸ், கேன்சஸ்: ரயில் வராததால் மட்டும்தான் இந்த ஊர் தேய்ந்ததா?

திணைமணி (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில், வடமேற்கே கிரகாம் கவுண்டியில் (கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழான ஆட்சிப் பிரிவு), 24ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி நிக்கோடிமஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே குடியிருந்தவர்கள் 14 பேர். உள்நாட்டுப் போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1877இல், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் கென்டக்கியிலிருந்து வந்து உருவாக்கிய ஊர் அது. 1996இல் அமெரிக்க அரசு அதைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது. இத்தகைய தலங்களைப் பராமரிக்கும் தேசியப் பூங்காத் துறை அங்கே ஓர் அலுவலகமும் வைத்திருக்கிறது. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அது ஒரு நகரம் அன்று.

இந்தக் கடைசி வாக்கியத்துக்குச் சிறிது விளக்கம் தேவை. நம் ஊர்களில் எந்தச் சிறு குடியிருப்பும் ஏதாவதொரு ஊராட்சியின் பகுதியாகவே இருக்கும். எந்த ஊராட்சியிலும் அடங்காத ஊர் என்பது நமக்கு எளிதில் பிடிபடாது. அங்கே ஓர் ஊருக்கு நகரத் தகுதி வேண்டுமென்றால், மாநிலச் சட்டப்படி தனக்கென எல்லையும் மேயரும் மன்றமும் கொண்ட அமைப்பாக அது பதிவாக வேண்டும். அவ்வாறு பதிவாகாத ஊர்களுக்கு மேயர் இல்லை, நகர வரி இல்லை, நகரக் காவல்துறையும் இல்லை. சாலை, காவல், நீதி ஆகியவற்றைக் கவுண்டியும், அதற்குக் கீழே டவுன்ஷிப் எனப்படும் சிறு ஆட்சிப் பிரிவும் பார்த்துக்கொள்ளும். கேன்சஸ் டவுன்ஷிப் ஒன்றை நடத்துவோர் மூவர்: ட்ரஸ்டீ, எழுத்தர், பொருளாளர். நிக்கோடிமஸ் டவுன்ஷிப்பும் அப்படிப்பட்டதுதான்.

நான் இந்த இழையைத் தொடங்கக் காரணம், எங்கே படித்தாலும் இந்த ஊரின் வீழ்ச்சிக்கு ஒரே காரணம் சொல்லப்படுவதுதான்: 1888இல் ரயில் பாதை சாலமன் ஆற்றுக்குத் தெற்கே போய்விட்டது, ஊர் அழிந்தது. ரயில் பாதை விலகிப் போனது உண்மை. ஆனால் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்த தேய்வை அந்த ஒன்றே விளக்கிவிடுமா என்பதில் எனக்கு ஐயம். ஊரின் நிலவியலையும் வரலாற்றையும் அறிந்தவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

---

வேர்ச்சொல்

பெயரிலிருந்து தொடங்குகிறேன். யோவான் நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில் இரவு வேளையில் இயேசுவைக் காண வந்த பரிசேயரை நம் தமிழ் விவிலியம் நிக்கொதேமு என்கிறது. ஆங்கிலத்தில் அந்தப் பெயரும் இந்த ஊரின் பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒன்றே என்பதால், அவர் பெயரையே ஊருக்கு வைத்தார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். மறுபிறப்பைப் பற்றிக் கேட்டவரின் பெயர், மறுவாழ்வு தேடி வந்தவர்களின் ஊருக்குப் பொருந்தும் என்பதும் உண்மையே.

ஆனால் பூங்காத் துறை உட்படப் பலர் ஏற்பது வேறொரு மரபை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டுப் பின்னர் தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கியதாகக் கருதப்படும் ஒரு பழங்கதை மனிதர் நிக்கோடிமஸ். 1864இல் ஹென்றி க்ளே வொர்க் என்பவர் அந்தப் பெயர் கொண்ட ஓர் அடிமையைப் பற்றி இயற்றிய பாடல் அக்காலத்தில் பரவலாகப் பாடப்பட்டது. குடியேற்றத்துக்கு ஆள் சேர்த்தவர்கள் அந்தப் பாடலின் அடிகளைத் தங்கள் நோக்கத்துக்கு ஏற்ப மாற்றித் துண்டறிக்கையில் அச்சிட்டார்கள். ஆகவே விவிலியத்தைவிடப் பாடலே பெயருக்கு நெருக்கமான ஊற்று என்பது என் கருத்து. அடிமைப் பிள்ளைகளுக்கு விவிலியப் பெயர் வைப்பது அன்றைய வழக்கம் என்பதால், இரண்டு வழிகளும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய்ச் சேர்கின்றன.

இன்னொன்று. நகரத் தகுதி பெறாத இத்தகைய ஊர்களைத் தமிழில் ‘ஒருங்கிணைக்கப்படாத சமூகம்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். அதைப் படிக்கும் எவருக்கும் ஊரார் தமக்குள் சண்டையிட்டுப் பிரிந்து கிடக்கிறார்கள் என்றே தோன்றும். ‘நகரத் தகுதி பெறாத ஊர்’ என்று நேராகச் சொல்லிவிட்டால் குழப்பமில்லை.

---

ஏட்டுப்பூச்சி

ஊர் எப்படி உருவானது என்பதை அறியாமல் எப்படித் தேய்ந்தது என்று பேச முடியாது. சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

1877 ஏப்ரலில் நிக்கோடிமஸ் நகர நிறுவனம் என்ற ஒன்று பதிவாயிற்று. அதன் தலைவர் டபிள்யூ. எச். ஸ்மித், செயலாளர் சைமன் ரவுண்ட்ரீ, இருவரும் கறுப்பினத்தவர். பொருளாளர் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளையர், நிலத் தரகில் தேர்ந்தவர். உறுப்பினர்களில் அவர் ஒருவர் மட்டுமே வெள்ளையர். இவர்கள் கென்டக்கியின் தேவாலயங்களில் கூட்டம் போட்டு, மேற்கே நல்ல மண்ணும் தண்ணீரும் விளைச்சலும் காத்திருப்பதாகச் சொன்னார்கள். 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டப்படி, நிலத்தில் ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்தவருக்கு 160 ஏக்கர் சொந்தமாகும். நேற்றுவரை தம் உடலே தமக்குச் சொந்தமில்லாதிருந்தவர்களிடம் அந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

1877 கோடையில் முதலில் ஒரு சிறு குழு வந்தது. செப்டம்பரில் கென்டக்கியிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் எல்லிஸ் என்ற நிலையம் வரை ரயிலில் வந்தார்கள். அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டரை நடந்தும் வண்டியிலும் கடந்தார்கள். 1878 வசந்தத்தில் டேனியல் ஹிக்மன் என்ற போதகர் தலைமையில் இன்னொரு குழு வந்தது. அவருடைய மனைவி வில்லியானா ஹிக்மன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தது இந்த ஊரைப் பற்றிய எழுத்துகளில் எல்லாம் இடம்பெறுகிறது: உடன் வந்தவர்கள் “இதோ நிக்கோடிமஸ்” என்று கூவியபோது, எவ்வளவு உற்றுப் பார்த்தும் அவர் கண்ணுக்கு ஊர் தட்டுப்படவில்லை. தரையிலிருந்து எழும் புகையைக் கணவர் சுட்டிக்காட்டினார். மக்கள் நிலத்தைக் குடைந்து அதற்குள் குடியிருந்தார்கள். அம்மையார் அழுதுவிட்டார்.

பல குடும்பங்கள் வந்த சுவட்டிலேயே திரும்பின. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தவர்களின் சினம் ஹில்லின் மீது பாய்ந்ததாகவும், அவர் ஒளிந்து தப்பியதாகவும் வாய்மொழிக் கதைகள் உண்டு. திரும்ப வழிச்செலவு இல்லாததால் தங்கியவர்களும் இருந்தார்கள். பிடிவாதத்தால் தங்கியவர்களும் இருந்தார்கள். முதல் குளிர்காலத்தில் வேட்டை முடித்துத் திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் இறைச்சியைப் பகிர்ந்து கொடுத்ததால்தான் பலர் பிழைத்தார்கள் என்பது ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவது. உழவு மாடும் குதிரையும் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்ததால், அடுத்த பருவத்தில் மண்வெட்டியால் கொத்தி விதைத்தார்கள்.

ஜென்னி ஸ்மித் ஃபிளெட்சர் ஊரின் முதல் ஆசிரியர்களுள் ஒருவர், அஞ்சல் நிலையத்தையும் நடத்தினார். நகர நிறுவனத் தலைவர் ஸ்மித்தின் மகள் இவர். கணவர் சக்கரி ஃபிளெட்சர் செயின்ட் பிரான்சிஸ் விடுதியைக் கட்டி நடத்தினார். 1880களின் நடுவில் கடைகள், விடுதிகள், தேவாலயங்கள், வங்கி, இரண்டு செய்தித்தாள்கள், பேஸ்பால் குழு எல்லாம் கொண்ட ஊராக அது வளர்ந்தது. கிரகாம் கவுண்டியின் முதல் பள்ளி மாவட்டமும் இங்கேதான் தொடங்கியது. அதனால்தான் இன்றும் நிற்கும் பள்ளிக் கட்டடத்துக்கு முதலாம் எண் மாவட்டப் பள்ளி என்று பெயர்.

---

கரிசல்காட்டான்

ஏட்டுப்பூச்சி ஐயாவின் பதிவுக்கு நன்றி. நான் வரலாறு படித்தவன் அல்லன், மானாவாரி விவசாயி. ஆனால் இந்த ஊரின் வரைபடத்தைப் பார்த்தவுடன் எனக்கு முதலில் தோன்றியது ரயில் அன்று, மழை.

நிக்கோடிமஸ் மேற்குத் தீர்க்கரேகை 99.6 பாகையில் இருக்கிறது. 100ஆம் பாகைக்குக் கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அமெரிக்க நிலவியலில் அந்த 100ஆம் பாகை பெயர்பெற்ற கோடு. 1878இல் ஜான் வெஸ்லி பவல் என்ற நிலவியலாளர் அரசுக்கு அளித்த வறண்ட நிலங்கள் பற்றிய அறிக்கையில், ஆண்டுக்கு 20 அங்குலம், அதாவது 508 மில்லிமீட்டர் மழைக்குக் குறைந்தால் பாசனமின்றிப் பயிர் செய்வதை நம்ப முடியாது என்றும், அந்த எல்லை இந்தக் கோட்டை ஒட்டியே ஓடுகிறது என்றும் எழுதினார். நிக்கோடிமஸ் மக்கள் வந்து இறங்கிய மறு ஆண்டு அந்த அறிக்கை வந்தது என்பதைக் கவனியுங்கள். எங்கள் பக்கத்தில் வானம் பார்த்த பூமி என்போமே, அதன் கேன்சஸ் வடிவம் இது. நல்ல ஆண்டில் கோதுமை குவியும், பொய்த்த ஆண்டில் விதைநெல் போன்ற விதைக்கோதுமையும் மிஞ்சாது. இரண்டுக்கும் நடுவில் என்ன வரும் என்று எவராலும் சொல்ல முடியாது.

அக்காலத்தில் நிலத் தரகர்களும் ரயில் நிறுவனங்களும் ஏர் போன இடமெல்லாம் மழை பின்னாலேயே வரும் என்ற நம்பிக்கையைப் பரப்பினார்கள். கரிசலில் ஏர் பிடித்த எவரும் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் கென்டக்கியின் மரமடர்ந்த, மழை வளமிக்க குன்றுகளில் புகையிலையும் சணலும் விளைத்தவர்களுக்கு இந்த நிலத்தின் குணம் எப்படித் தெரிந்திருக்கும்? ஆற்றங்கரைப் பருத்திமரங்களை விட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் மரமே கிடையாது. வீட்டுக்கு உத்திரமும் அடுப்புக்கு விறகும் இல்லை. காட்டெருமைச் சாணம் காய்ந்து கிடந்ததைப் பொறுக்கி எரித்தார்கள். நாம் வறட்டி தட்டுவதைப் போலத் தட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. சூரியகாந்தித் தட்டையையும் எரித்தார்கள். புல்வெளி மண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு முழம் ஆழத்துக்குப் பாய் பின்னியதுபோல் வேர். அதைக் கிழிக்க எஃகுக் கொழுவும் வலுவான மாடுகளும் வேண்டும், அவை இவர்களிடம் இல்லை. இதனால்தான் குழிவீடு; பின்னர் புல்வேரோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கிய வீடு; கையில் காசு வந்த பிறகே உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்.

சாலமன் ஆற்றின் தென்கிளை ஊருக்குத் தெற்கே கிழக்கு நோக்கி ஓடுகிறது. ஆறு என்றதும் நம் மனம் பாசனத்தை நினைக்கும். இங்கே வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்யும் முதலீடு குடியேறியவர்களிடம் இல்லை. ஆற்றின் கீழ்ப்பக்கம் ஸ்டாக்டன் என்ற ஊரருகே வெப்ஸ்டர் அணை 1956இல் கட்டி முடிக்கப்பட்டபோதும், அதனால் பயன்பெற முடியாதபடி நிக்கோடிமஸ் அணைக்கு மேலே அல்லவா இருந்தது.

என் கணக்கு எளியது: கென்டக்கியில் 160 ஏக்கர் வைத்திருந்தவர் செல்வந்தர். 100ஆம் பாகை ஓரத்தில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குக் காணாது. சட்டம் எழுதியவர்கள் ஈரமான கிழக்கை மனத்தில் வைத்து அளந்துவிட்டார்கள்.

---

மேற்குநோக்கி

கரிசல்காட்டான் அண்ணாச்சி சொல்வது பின்னணியாகச் சரி. ஆனால் ரயிலை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

1887இல் நிக்கோடிமஸ் டவுன்ஷிப் மக்கள் மிசௌரி பசிபிக் நிறுவனத்தைத் தம் ஊர் வழியே வரச்செய்ய 16,000 டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்களித்தார்கள். பத்தாண்டுக்கு முன் மண்வெட்டியால் உழுதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தொகை! அந்தப் பாதை வரவில்லை. 1888இல் யூனியன் பசிபிக் தன் பாதையை ஆற்றுக்குத் தெற்கே போட்டது. அங்கே அமைந்த ரயில் முகாம் போக் என்ற ஊராயிற்று. நிக்கோடிமஸிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 7 கிலோமீட்டர். கடைக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக ஆற்றைக் கடந்து அங்கே போனார்கள்.

இதில் நாம் தவறவிடக்கூடாத செய்தி, அன்றைய மேற்குச் சமவெளியில் கோதுமைக்கு விலை என்பதே ரயில் நிலையத்துக்கு எவ்வளவு தொலைவு என்பதைப் பொறுத்தது என்பதுதான். நிலையம் உள்ள ஊரில் தானியக் கிடங்கு வரும், கிடங்குக்கு வரும் உழவர் அங்கேயே துணியும் உப்பும் வாங்குவார், வங்கியும் அங்கேயே வரும். சந்தை கூடும் இடம் மாறினால் ஊர் மாறிப்போவது நமக்குத் தெரியாததன்று. 1888க்கு முன்பே, 1880இல் கவுண்டி அமைந்தபோது, நிக்கோடிமஸ் கவுண்டித் தலைநகரும் ஆகவில்லை. முதலில் மில்புரூக், பிறகு ஹில் சிட்டி. அந்த ஹில் சிட்டியை நிறுவியவர் வேறு யாருமில்லை, இதே டபிள்யூ. ஆர். ஹில்தான். நிக்கோடிமஸுக்கு ஆள் சேர்த்தவர் மேற்கே 20 கிலோமீட்டரில் தனக்கென இன்னொரு ஊரை வளர்த்துக்கொண்டார்.

---

திணைமணி

ஹில்லைப் பற்றிய தகவல் கசப்பானது. நன்றி.

ஆனால் என் ஐயம் இன்னும் தீரவில்லை. ரயில் கிடைத்த போக் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நகரத் தகுதியும் உண்டு, நிலையமும் கிடைத்தது. இன்று அதன் மக்கள்தொகை இருநூறைத் தொடவில்லை. கிரகாம் கவுண்டி முழுவதிலுமே 2020இல் 2,415 பேர்தான். ரயில் வந்த ஊரும் தேய்ந்தது, வராத ஊரும் தேய்ந்தது என்றால், ரயில் முடிவு செய்தது எந்த ஊர் முன்னால் தேயும் என்பதை மட்டும்தானோ? கடை வீதியை ரயில் கொண்டுபோனது. குடும்பங்களைக் கொண்டுபோனது எது?

---

ஏட்டுப்பூச்சி

திணைமணியின் கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. கடை வீதி காலியானது 1888ஐ ஒட்டிய சில ஆண்டுகளில். ஆனால் டவுன்ஷிப்பின் உழவர்கள் அப்போது போகவில்லை. முதலாம் எண் பள்ளிக்கு இப்போது நிற்கும் கட்டடத்தை 1918இல் எழுப்பினார்கள். பாப்டிஸ்ட் தேவாலயத்தை 1907இல் புதிதாகக் கட்டினார்கள். செத்துப்போன ஊரில் யாரும் பள்ளி கட்டமாட்டார்கள். அதாவது ‘அழிந்த’ பிறகு முப்பது ஆண்டுகளுக்கு அங்கே பிள்ளைகள் பிறந்துகொண்டிருந்தார்கள்.

பெருத்த அடி 1930களில் விழுந்தது. ஒரே நேரத்தில் பொருளாதாரப் பெருமந்தமும் வறட்சியும் புழுதிப் புயல்களும். டவுன்ஷிப் மன்றக் கட்டடத்தை 1939இல் கூட்டரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் சுண்ணாம்புக்கல்லால் கட்டியதே அந்த இடரின் சின்னம்தான். 1950இல் ஊரில் எஞ்சியவர்கள் 16 பேர். 1953இல் அஞ்சல் நிலையம் மூடப்பட்டது, 1960இல் பள்ளியும்.

இடையில் ஒரு திருத்தம். “மிசிசிப்பிக்கு மேற்கே எஞ்சியிருக்கும் ஒரே கறுப்பினக் குடியேற்றம்” என்று நிக்கோடிமஸைப் பல இடங்களில் எழுதுகிறார்கள். அப்படியே எடுத்துக்கொண்டால் அது தவறு. ஓக்லஹோமாவில் 1890இல் தோன்றிய லாங்ஸ்டனும் 1903இல் தோன்றிய போலியும் இன்றும் இருக்கின்றன. உள்நாட்டுப் போருக்குப் பிந்திய மறுசீரமைப்புக் காலத்தின் இறுதியில் மேற்கே கறுப்பின மக்கள் திட்டமிட்டு நிறுவிய ஊர்களில் எஞ்சியது இது ஒன்று என்று வரையறுத்துச் சொன்னால்தான் பொருந்தும். லாங்ஸ்டனுக்கும் இவ்வூருக்கும் நேரடித் தொடர்பே உண்டு. நிக்கோடிமஸில் வழக்கறிஞராகவும் கவுண்டியின் தற்காலிக எழுத்தராகவும் இருந்த எட்வின் மெக்கேப், 1882இல் கேன்சஸ் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தென்மாநிலங்களுக்கு வெளியே மாநில அளவிலான பதவிக்கு ஒரு கறுப்பினத்தவர் வருவது அக்காலத்தில் பேரரிது. பின்னர் அவர் ஓக்லஹோமாவுக்குச் சென்று லாங்ஸ்டனை நிறுவுவதில் முன்னின்றார். 1889இல் திறந்துவிடப்பட்ட ஓக்லஹோமா நிலம் நிக்கோடிமஸின் சில இளைஞர்களையும் இழுத்துக்கொண்டது என்பதையும் உங்கள் பட்டியலில் சேருங்கள்.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி நேர்கிறது. 1879இல் பல்லாயிரம் கறுப்பின மக்கள் தெற்கிலிருந்து கேன்சஸுக்குப் பெயர்ந்த ‘பெரும் வெளியேற்றத்தோடு’ நிக்கோடிமஸைச் சேர்த்து எழுதுகிறார்கள். இவர்கள் அதற்கு இரண்டாண்டு முன்னரே நிறுவனம் பதிந்து, மனை அளந்து, துண்டறிக்கை அடித்து வந்தவர்கள்.

---

வேர்ச்சொல்

ஒரு சிறு கேள்வி. நகரத் தகுதி இருந்திருந்தால் ஊர் பிழைத்திருக்குமா?

---

மேற்குநோக்கி

பிழைத்திருக்காது என்றே நினைக்கிறேன். நகரத் தகுதி என்பது சாலை விளக்குக்கும் சாக்கடைக்கும் வரி போடும் உரிமை. வரி கட்ட ஆளில்லாத இடத்தில் அந்த உரிமை சுமைதான். கேன்சஸில் நகரமாக இருந்து, ஆள் குறைந்து, அந்தத் தகுதியைக் கைவிட்ட ஊர்களும் உண்டு. அப்படிக் கைவிடும்போது ஊரே முடிந்துவிட்டதென்று தாளில் எழுதப்பட்டுவிடுகிறது. நிக்கோடிமஸுக்கு அப்படி எழுத எவருக்கும் வாய்ப்பில்லை, கலைப்பதற்கு அங்கே மன்றம் இல்லை.

நான் நேரில் போய்வந்ததையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கிழக்கே ஸ்டாக்டனிலிருந்து காரில் போனேன். ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இருபுறமும் கோதுமை அறுத்த தாள். ஊர் வந்துவிட்டதா என்று தேடிக்கொண்டே பலகையைக் கடந்துவிட்டுத் திரும்பி வந்தேன். வில்லியானா அம்மையாரின் நிலை எனக்கும் நேர்ந்தது என்றால் மிகையாகும், காரில் குளிர்சாதனம் இருந்தது. காக்கப்பட்ட கட்டடங்கள் ஐந்து: டவுன்ஷிப் மன்றம், செயின்ட் பிரான்சிஸ் விடுதி, மெதடிஸ்ட் தேவாலயம், பாப்டிஸ்ட் தேவாலயம், பள்ளி. மன்றத்திலேயே பார்வையாளர் மையம். ஐந்தையும் சுற்றிவர ஒரு மணி நேரம் போதும். நான் மூன்று மணி நேரம் இருந்தேன். கட்டடங்களுக்கு இடையே உள்ள வெற்று மனைகள்தான் என்னை நிறுத்தின. தெருக்கள் ஒரு நகரத்துக்காக அளந்து போடப்பட்டவை. அளவு மட்டும் மிஞ்சி, இடையே புல் நிற்கிறது.

---

நெய்தல்வாசி

இழையைத் தொடர்ந்து படித்துவருகிறேன். ஆண்டுதோறும் ஜூலைக் கடைசி வாரத்தில் அங்கே நடக்கும் ஊர்கூடலைப் பற்றி யாரும் எழுதவில்லையே. 1878 முதல் விடுதலை விழா என்ற பெயரில் நடந்துவருவது. டென்வர், கலிபோர்னியா, டோபீகா என்று எங்கெங்கோ வாழும் வழித்தோன்றல்கள் நூற்றுக்கணக்கில் வருகிறார்கள். 14 பேர் ஊரில் அந்த மூன்று நாள் உணவும் ஊர்வலமும் வழிபாடும். 1954இல் கிரீன் பே பேக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்த வெரில் சுவிட்சர் இந்த ஊரில் பிறந்தவர் என்பது அங்கே சிறு பிள்ளைகளுக்கும் தெரியும்.

விழாவின் நாள்தான் எனக்கு வியப்பு. தொடக்கத்தில் அதற்குரிய நாள் ஆகஸ்ட் 1. அது லிங்கனோடு தொடர்புடைய நாள் அன்று. 1834 ஆகஸ்ட் 1இல் பிரித்தானியப் பேரரசின் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள். அமெரிக்கக் கறுப்பினத்தார் தம் நாட்டில் விடுதலை வருவதற்கு முன்பே அந்த நாளைக் கொண்டாடி வந்தார்கள், கென்டக்கியார் அதைப் புல்வெளிக்கும் கொண்டுவந்தார்கள். அதே சட்டம் விடுவித்த கரும்புத் தோட்டத் தொழிலாளர்களின் இடத்தை நிரப்பவே மொரீஷியஸுக்கும் கயானாவுக்கும் நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள் என்பதை நினைத்தால், அந்தத் தேதியை என்னால் வெறும் தேதியாகப் பார்க்க முடியவில்லை. இழையை விட்டு விலகவில்லை, இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

---

கரிசல்காட்டான்

நெய்தல்வாசி சொன்னதிலிருந்து எனக்கு விடையின் பாதி கிடைத்துவிட்டது. மீதிப் பாதி நிலத்தில் இருக்கிறது.

160 ஏக்கர் போதாது என்றேன். அப்படியானால் பிழைக்கும் வழி, பக்கத்து நிலத்தை வாங்கிச் சேர்ப்பது. அதற்குக் கடன் வேண்டும். டிராக்டர் வந்த பிறகு கடன் இல்லாமல் சமவெளியில் உழவே இல்லை. வெள்ளை உழவருக்கு விதைப்புக்கு முன் கிடைத்த கடன் கறுப்பின உழவருக்கு அறுவடைக்குப் பின் கிடைத்தால், அல்லது கிடைக்காமலே போனால், யார் நிலம் யாரிடம் போகும்? இது என் ஊகம் அன்று. அமெரிக்க வேளாண் துறை கடன் வழங்குவதில் நிறப் பாகுபாடு காட்டியதாக நாடெங்கும் உள்ள கறுப்பின உழவர்கள் தொடுத்த பிக்ஃபோர்ட் வழக்கில் 1999இல் நீதிமன்றம் இழப்பீட்டு உடன்பாட்டை ஏற்றது. அதே ஆண்டில் நிக்கோடிமஸ் வட்டாரத்தில் கேன்சஸ் கறுப்பின உழவர் சங்கம் தோன்றியது. எத்தியோப்பியாவின் டெஃப் என்ற சிறுதானியத்தை அங்கே பயிரிட்டுப் பார்த்தார்கள். நம் சாமையைவிடவும் நுண்ணிய மணி, வறட்சி தாங்கும். வானம் பார்த்த பூமியில் கோதுமையை மட்டும் நம்பாதே என்பதை அவர்களும் கண்டுகொண்டார்கள்.

ஆகவே என் வரிசை இது: கடையை ரயில் கொண்டுபோனது, பிள்ளைகளை வறட்சியும் நகரத்து வேலையும் கொண்டுபோயின, நிலத்தைக் கடன் கொண்டுபோனது. முதல் இரண்டும் அந்தச் சமவெளி முழுவதற்கும் பொது, மூன்றாவது இவர்களுக்கு மட்டும் கூடுதல் சுமை.

---

திணைமணி

இந்த வரிசையை நான் ஏற்கிறேன். ஆண்டுகளும் ஒத்துப்போகின்றன: 1888, 1930கள், அதற்குப் பிந்திய பல பத்தாண்டுகள். மூன்று வெவ்வேறு தேய்வுகளை ஒரே வாக்கியத்தில் அடக்கியதால்தான் ரயில் கதை அவ்வளவு உருண்டையாக இருந்தது போலும்.

ஏட்டுப்பூச்சி ஐயா, ஒன்று மட்டும் விடுபட்டது. 16 பேராகிவிட்ட ஊர் தேசிய வரலாற்றுத் தலமாக ஆனது எப்படி?

---

ஏட்டுப்பூச்சி

சுருக்கமாகச் சொல்கிறேன். 1970களில் முதியோருக்கான குடியிருப்புகள் கட்டப்பட்டன, வெளியூரில் ஓய்வு பெற்றவர்கள் சிலர் திரும்பி வந்தார்கள். 1976இல் ஊர் முழுவதும், ஏறத்தாழ 160 ஏக்கர் மனைப்பரப்பு, தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி பெற்றது. கவனியுங்கள், ஒரு உழவருக்குச் சட்டம் அளித்த அதே 160 ஏக்கர்தான் ஊரின் அளவும். வழித்தோன்றல்கள் விடாமல் முயன்றார்கள். அமெரிக்க நாடாளுமன்ற மேலவையில் கேன்சஸின் உறுப்பினராக இருந்த பாப் டோல் முன்வைத்த சட்டமுன்வடிவின் வழியே 1996 நவம்பர் 12இல் அது தேசிய வரலாற்றுத் தலமாயிற்று.

எல்லாக் கட்டடங்களையும் பூங்காத் துறை எடுத்துக்கொள்ளவில்லை. தேவாலயங்களில் ஒன்று, விடுதி, மன்றம் என்று உரிமை பலரிடம் பிரிந்திருந்தது. டவுன்ஷிப் மன்றம் டவுன்ஷிப்புக்கே சொந்தம். ஒரு பகுதியைத்தான் துறை பார்வையாளர் மையமாகப் பயன்படுத்துகிறது. தேர்தல் வந்தால் நிக்கோடிமஸ் டவுன்ஷிப் மக்கள் வாக்களிப்பதும், ஜூலையில் விருந்துக்கு மேசை போடுவதும் அதே கூடத்தில்தான்.